ஆய்வகத்துக்கு ஒரு டர்னர் வேண்டும்

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில், சுவரோரமாக ஒரு பெட்டி பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடக்கிறது. உள்ளே இருப்பது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மோட்டார் ஸ்டேஜ். லேசர் ஒளி போகும் பாதையில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதை மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தித் தரும் சாதனம். கையகல அலுமினியத் தட்டு, அதன் கீழே இரண்டு தண்டவாளம், நடுவில் ஒரு திருகு, திருகின் முனையில் மோட்டார். அதில் நட்டு தேய்ந்துவிட்டது. நட்டை மட்டும் தனியாகத் தருவதில்லை, முழுச் சாதனத்தையும் அனுப்பி வையுங்கள் என்று விற்றவர்களிடமிருந்து பதில் வந்ததாகச் சொன்னார்கள். அனுப்பும் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று முடிவாகாமல் கோப்பு நின்றுவிட்டது. அந்த ஸ்டேஜை நம்பி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பெண் வேறு தலைப்புக்கு மாறிவிட்டாள்.

நான் விழுப்புரம் பக்கத்துக் காணைக்காரன். ஐடிஐயில் டர்னர் படித்தேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கருவிப் பட்டறையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது ஊரில் சின்னதாக ஒரு லேத் போட்டிருக்கிறேன். வருவது பெரும்பாலும் போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், கரும்பு ஏற்றும் டிரெய்லரின் பின், புஷ். இடையிடையே விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் பையில் எதையாவது போட்டுக்கொண்டு வருவார்கள். "ஐயா, இது இறுகிப்போச்சு", "ஐயா, இதுல ஆட்டம் இருக்கு" என்று மேசைமேல் வைப்பார்கள். அந்த ஸ்டேஜின் நட்டையும் ஒரு பையன் எடுத்துவந்து காட்டினான். பாஸ்பர் வெண்கலத்தில் செய்யக்கூடிய நட்டு. அளவெடுத்து, டேப் போட்டு, அந்தத் திருகோடு சேர்த்துத் தேய்ப்புப் பொடி விட்டு மெல்ல லேப்பிங் செய்தால் பழையபடி ஓடும். ஆனால் கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஒரு லேத் பட்டறைக்கு அந்த வேலையைக் கொடுக்க விதியில் வழியில்லை. கல்லூரிக்குள்ளே அந்த வேலை தெரிந்த ஆளும் இல்லை.

முன்பு இருந்தார்கள். பல்கலைக்கழகங்களிலும் பெரிய கல்லூரிகளிலும் கருவிப் பட்டறை என்று ஒன்று இருந்தது. லேத், மில்லிங், கண்ணாடி ஊதுகிறவர், தச்சர், மெக்கானிக் எல்லோரும் இருந்த இடம். பேராசிரியர் ஒரு தாளில் படம் கிறுக்கிக்கொண்டு வருவார். "சார், இந்த இடத்துல ரெண்டு பேரிங் போட்டா ஒண்ணோடு ஒண்ணு மல்லுக்கு நிக்கும், ஒண்ணு போதும்" என்று மெக்கானிக் சொல்வார். பேராசிரியர் படத்தைத் திருத்துவார். ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த மெக்கானிக்கின் பெயர் வராது, ஆனால் அவர் இல்லாமல் அந்தக் கட்டுரையே வந்திருக்காது. பணியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, பல இடங்களில் பணியிடம் நிரப்பப்படாமலேயே மறைந்தது. லேத் ஏலத்துக்குப் போனது, அந்த அறை கணினி ஆய்வகமானது. ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்குவது பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கும் சாதனத்தைப் புரிந்துகொண்டு, சரிசெய்து, தேவைப்பட்டால் புதிதாகச் செய்து தரும் ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரு கருவிப் பட்டறையும், அதில் நிரந்தரச் சம்பளத்தில் டர்னரும் ஃபிட்டரும் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சாதனம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் அறிவியல் படித்த எவரும் திருகு அளவியைக் கையில் பிடித்திருப்பார்கள். திருகு ஒரு சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர் நகரும். தலைக்கோலில் 100 பிரிவு. ஆகவே ஒரு பிரிவுக்கு 0.01 மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரான். ஆய்வக ஸ்டேஜும் இதே திருகுதான். தலையைக் கையால் திருப்புவதற்குப் பதிலாக ஸ்டெப்பர் மோட்டார் திருப்புகிறது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படியாகப் பிரித்து நகரும். ஒரு மில்லிமீட்டர் புரி கொண்ட திருகில் ஒரு படி ஐந்து மைக்ரான். மோட்டாரை ஓட்டும் டிரைவர், ஒவ்வொரு படியையும் இன்னும் 16 கூறாக்கும். அப்போது ஒரு கூறு 0.3125 மைக்ரான்.

இனி லேசர் பக்கம் வருவோம். கல்லூரிகளில் இருக்கும் ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர். ஒளியைப் பிரித்து மறுபடி சேர்த்துத் திரையில் இருளும் ஒளியுமான பட்டைகளாகக் காட்டும் மைக்கல்சன் குறுக்கீட்டுமானியில் ஒரு கண்ணாடியை இதில் பாதி, அதாவது 0.3164 மைக்ரான் நகர்த்தினால் திரையில் ஒரு பட்டை நகர்ந்து அடுத்த பட்டை அதே இடத்துக்கு வரும். மோட்டாரின் ஒரு கூறும் ஒளியின் ஒரு பட்டையும் ஏறத்தாழச் சமம். விலைப்பட்டியலில் படித்தால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

வேலை அங்கேதான் தொடங்குகிறது. நட்டுக்கும் திருகுக்கும் நடுவே 20 மைக்ரான் ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் திசை மாறும்போது 64 கூறு சுற்றும், கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்கும். கணினித் திரையில் இருபது மைக்ரான் போயாயிற்று என்று எண் ஓடும், உண்மையில் எதுவும் போயிருக்காது. பேக்லாஷ் என்பது இதுதான். நகரும் நுண்ணோக்கியில் அளவெடுக்கும்போது ஒரே பக்கமாகவே திருகச் சொல்லி ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஆட்டத்தை எடுக்க நட்டை இரண்டாகப் பிளந்து ஸ்பிரிங் போட்டு இறுக்குவோம். அதிகம் இறுக்கினால் ஸ்டேஜ் ஒட்டி ஒட்டி நகரும். தேங்கி நின்று, பிறகு ஒரே துள்ளாகத் துள்ளும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுதப்பட்டதில்லை. டயல் கேஜ் முள்ளைப் பார்த்தபடி விரலால் திருப்பிப் பழகித்தான் அது வரும்.

அடுத்தது சூடு. அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். பத்து சென்டிமீட்டர் நீளத் தாங்கி 2.3 மைக்ரான் நீளும். லேசர் பட்டைக் கணக்கில் அது ஏழு பட்டை. சோதனை தொடங்கியபோது இருந்த சூடும் முடிந்தபோது இருந்த சூடும் ஒரு டிகிரி வேறுபட்டாலே, மாணவர் எதையும் தொடாமலேயே ஏழு பட்டை ஓடிவிடும். நீளத்தை அளப்பதற்கென்று உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. விழுப்புரத்து மே மாதம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மின்விசிறி ஓடும் அறையில், சாலையில் கரும்பு லாரி போகும்போதெல்லாம் மேசை அதிரும் கட்டடத்தில், சொன்னபடி நகரும் ஸ்டேஜை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் அளவு வந்துவிடாது. மேசையை என்ன செய்வது, தாங்கியை எந்த உலோகத்தில் செய்வது, மோட்டார் சூட்டை எப்படித் தள்ளி வைப்பது என்று அந்த அறையைப் பார்த்து யோசிக்க ஓர் ஆள் வேண்டும்.

இப்படிப்பட்ட ஆளின் அருமையைக் காட்டும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரௌலண்ட் என்ற இயற்பியலாளர், 1880-களில் உலோகக் கண்ணாடியின் மேல் வைரமுனையால் கோடு கிழிக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். ஓர் அங்குலத்தில் 14,438 கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 1.76 மைக்ரான். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்க இப்படிக் கோடு கிழித்த கீற்றணிகளைத்தான் உலகத்து ஆய்வகங்கள் கேட்டு வாங்கின. பாதரச விளக்கின் முன் நம் பிள்ளைகள் வைத்துப் பார்க்கும் கீற்றணி அந்த வழியில் வந்ததுதான்.

அந்த இயந்திரத்தின் உயிர் அதன் திருகு. லேத்தில் வெட்டி எடுத்த எந்தத் திருகிலும் அந்த லேத்தின் பிழை இருக்கும். ரௌலண்ட் என்ன செய்தார் என்றால், நீளமான, பிளந்த நட்டு ஒன்றைத் திருகின்மேல் மாட்டி, எமரிப் பொடியும் எண்ணெயும் விட்டு, அடிக்கடி நட்டை முனை மாற்றிப் போட்டு, நாள்கணக்கில் தேய்க்க வைத்தார். ஓரிடத்தில் இருக்கும் பிழையும் இன்னோரிடத்துப் பிழையும் ஒன்றையொன்று தேய்த்துத் தீர்த்துக்கொள்ளும். அதையும் வெப்பநிலை மாறாதபடி பார்த்துக்கொண்டு செய்தார்கள். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பில் திருகு பற்றிய கட்டுரையை எழுதியவரும் ரௌலண்ட்தான். அவருடைய இயந்திரங்களை ஓட்டிக் கோடு கிழித்துத் தந்த மெக்கானிக்கின் பெயர் தியோடர் ஷ்னைடர். இயற்பியல் படித்தவர்களிலும் ரௌலண்டைத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர், ஷ்னைடரைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஒரு பல்கலைக்கழகம் அப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததால்தான் அந்த அறிவியல் அங்கே நடந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலையையும் மஞ்சையும் பார்த்துத் திரும்புகிறார்கள். 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கேதான் கண்டறிந்தார். எவர்ஷெட் தன் கருவிகளைத் தானே கட்டிக்கொள்ளும் பழக்கமுள்ளவர். அங்கே ஒரே நிற ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் கருவியில், மெல்லிய பிளவு ஒன்று சூரிய பிம்பத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சீரான வேகத்தில் போய்ச் சேர வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் அந்த இடத்தில் சூரியனின் மேல் ஒரு கோடு விழும். நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே எடுத்துச் சேர்த்த படங்களை இன்று உலகெங்கும் சூரிய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கருவியைத் தயங்காமல் ஓட வைத்தவர்களின் எண்ணெய்க் கையும் அந்தப் படங்களில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 1960-இல் அங்கே வந்த சுரங்கத் தொலைநோக்கியில், கோபுரத்தின் உச்சியில் 61 சென்டிமீட்டர் கண்ணாடி ஒன்று சூரியனைப் பின்தொடர்கிறது. அது ஒரு முழுச் சுற்று சுற்ற 48 மணி நேரம். அவ்வளவு மெதுவாக, எங்கும் நிற்காமல், எங்கும் துள்ளாமல் ஒரு கண்ணாடியைத் திருப்புவது எத்தனை கடினம் என்பது பட்டறையில் நின்றவருக்குத் தெரியும்.

எங்களுக்குப் பக்கத்து மலையான ஜவ்வாதில், காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. கண்ணாடியை பெங்களூரில் தேய்த்தார்கள். அதைத் தாங்கித் திருப்பும் கட்டமைப்பை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. இந்தியாவிலேயே செய்ய முடியுமா என்று கேட்டவர்களுக்கு அது பதில்.

இன்னும் பக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது. முப்பது மீட்டர் தொலைநோக்கி என்று பல நாடுகள் கூடித் திட்டமிட்ட ஒன்று உண்டு. ஹவாய்த் தீவில் இடம் பற்றிய எதிர்ப்பால் கட்டுமானம் தள்ளிப்போனது. அதன் பெரிய கண்ணாடி ஒரே துண்டல்ல. 492 அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மூன்று ஆக்சுவேட்டர், மொத்தம் 1,476. காற்றும் சூடும் எப்படி மாறினாலும் 492 துண்டும் ஒரே கண்ணாடி போல நிற்க, அவை நானோமீட்டர் கணக்கில் துண்டுகளை உந்திக்கொண்டே இருக்க வேண்டும். எந்தத் துண்டு பக்கத்துத் துண்டைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று சொல்லும் விளிம்பு உணரிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆக்சுவேட்டர்களும் உணரிகளும் இந்தியாவின் பங்காக ஒப்புக்கொள்ளப்பட்டவை. அந்த விளிம்பு உணரிகளைச் செய்யும் பணியில் கூட்டாளி நிறுவனம் புதுச்சேரியின் ஜெனரல் ஆப்டிக்ஸ் ஏசியா. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றுக்கு நானோமீட்டர் உணரி செய்யும் ஊர் இவ்வளவு பக்கத்தில் இருக்க, நம் கல்லூரியில் ஒரு நட்டு செய்ய ஆள் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வழியாகச் சொல்கிறேன். கை பழகிய தொழிலாளர்கள் இந்தப் பகுதியில் உருவாக முடியும் என்பதற்குப் புதுச்சேரி சாட்சி.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்கு உள்ளூர ஆசை.

நுட்பமான ஸ்டேஜ்கள் எதன்மேல் ஓடுகின்றன? மிக உயர்ந்த ரகச் சாதனங்கள் பல இரும்பின் மேலோ அலுமினியத்தின் மேலோ ஓடுவதில்லை. கருப்பு கிரானைட் பாளத்தின் மேல் ஓடுகின்றன. சில ரகங்களில் காற்றுப் படலத்தில் மிதந்தபடி கல்லின் மேல் வழுக்கிப் போகும். கல் துருப்பிடிக்காது. சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழப் பாதிதான் நீளும். கனமானது, அதிர்வை விழுங்கும். ஏதாவது விழுந்து அடிபட்டால் இரும்பில் பிசிறு மேலெழும்பும், கல்லில் குழிதான் விழும். மற்ற பரப்பு மட்டமாகவே இருக்கும். பட்டறைகளில் அளவெடுக்கும் சர்ஃபேஸ் பிளேட்டும் பெரும்பாலும் இந்தக் கல்லில்தான் செய்யப்படுகிறது.

அந்தக் கருங்கல் எங்கள் திண்டிவனம் பகுதியில் இருக்கிறது. குன்னம் கருப்பு என்ற பெயரில் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் வெட்டி விற்கும் கல் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. பாளம் பாளமாக லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போகிறது. கல்லறைக்கும் தரைக்கும் சமையலறை மேடைக்கும் போகிறது. அதில் ஒரு பாளத்தை இங்கேயே நிறுத்தி, மைக்ரான் மட்டத்துக்குத் தேய்த்து, ஆய்வக மேசையாக்கினால் அதன் மதிப்பு எத்தனை மடங்கு உயரும் என்று யோசித்துப் பாருங்கள். தேய்க்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கடைசி மைக்ரான்களைப் பெரும்பாலும் கையால்தான் எடுக்கிறார்கள், இன்றும்.

மட்டமான பரப்பு எங்கிருந்து வருகிறது என்று பட்டறைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்பேன். மெஷினிலிருந்து என்பார்கள். அந்த மெஷினின் படுக்கை எதிலிருந்து மட்டமானது? அதற்கு முந்தைய மெஷினிலிருந்து. இப்படியே பின்னால் போனால் ஓரிடத்தில் மனிதக் கை வந்து நிற்கும். இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் இந்த முறையை அறிவியலாளர்கள் கூட்டத்தில் விளக்கினார். மூன்று பலகைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பலகையில் நீலம் தடவி இரண்டாவதை அதன்மேல் வைத்து நகர்த்தினால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டை ஸ்க்ரேப்பரால் சுரண்டி எடுத்து மறுபடி நீலம் தடவ வேண்டும். இரண்டு பலகையோடு நிறுத்தினால், ஒன்று குழிந்தும் ஒன்று குவிந்தும், கிண்ணமும் மூடியும் போல அழகாகப் பொருந்திவிடும், மட்டமாக இருக்காது. மூன்றாவது பலகையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஏமாற்ற வழியில்லை. மூன்றும் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் மூன்றும் மட்டமாக இருந்தே ஆக வேண்டும். எந்த முன்மாதிரியும் இல்லாமல், எந்த மெஷினும் இல்லாமல், வெறும் கையும் பொறுமையும் கொண்டு மட்டத்தை உண்டாக்குகிற முறை இது. பிள்ளைகள் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். பிறகு ஒருவன் ஸ்க்ரேப்பரைக் கையில் எடுப்பான்.

இதைக் கற்றுக்கொடுக்கும் இடமாகத்தான் கருவிப் பட்டறையை நான் நினைக்கிறேன். பழுது பார்ப்பது அதன் பாதி வேலை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்கியிருக்கிறார்கள். நல்ல சிஎன்சி இயந்திரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஐடிஐ ஒரு துறையின் கீழ், கல்லூரி வேறு துறையின் கீழ். ஐடிஐப் பையன் பயிற்சிக்காக வெட்டிய திருகு பழைய இரும்புக் குவியலுக்குப் போகிறது. பக்கத்துக் கல்லூரியின் ஸ்டேஜ் ஒரு திருகுக்காகக் காத்திருக்கிறது. ஐடிஐயையும் கல்லூரியையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர ஓர் அரசாணை போதும்.

மத்திய அரசின் பக்கமும் பாருங்கள். 2022 ஜூலையில், ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை நீக்கப்பட்டு வரி 18 சதவீதம் வரை போனது. எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. 2025 ஜூனில் மத்திய அறிவியல் நிறுவனங்கள் விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். நல்லது. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதலானது. குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் வந்திருக்கிறது. இதிலும் கடைசியில் நடப்பது, தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழையின் நடுவே ஒன்பது மைக்ரான் அகலமுள்ள பாதைக்குள் ஒளியைக் குறிபார்த்துச் செலுத்துவது. ஒரு மைக்ரான் விலகினாலும் ஒளி குறையும். இத்தனை அறிவிப்புகளும் வாங்குவதைப் பற்றியவை. வரி, வரம்பு, ஒதுக்கீடு எல்லாம் பேசப்பட்டன. அந்த மைக்ரானைத் திருப்பும் விரலுக்கு ஒரு பணியிடம் என்று எதிலும் நான் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் இங்கேயே செய்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. நானோமீட்டர் எண்ணும் என்கோடரையும் பைசோ படிகத்தையும் வாங்கித்தான் ஆக வேண்டும். மின்னழுத்தம் கொடுத்தால் நானோமீட்டர் கணக்கில் நீளும் அந்தப் படிகத்தைக் கொண்டுதான் 1981-இல் சூரிச்சில் பின்னிக், ரோரர் என்ற இரு இயற்பியலாளர்கள் அணுக்களைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வாங்க வேண்டியதை வாங்குவோம். ஆனால் கண்ணாடி தாங்கி, சாய்வு மேடை, இழை பிடிப்பி, சாதாரண திருகு ஸ்டேஜ் ஆகியவற்றை ஒரு நல்ல பட்டறை செய்யும். கேரளத்தின் கொச்சியில் ஹோல்மார்க் நிறுவனம் இவற்றைச் செய்து விற்கிறது. இதற்கெல்லாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

அதிகச் செலவில்லாமலும் நுட்பம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓபன்ஃப்ளெக்சர் என்ற நுண்ணோக்கியை வடிவமைத்து, வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதன் ஸ்டேஜை முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் எடுக்கலாம். அதில் வழுக்கும் தண்டவாளம் கிடையாது. பிளாஸ்டிக்கின் மெல்லிய கழுத்துகள் வளைந்து கொடுத்து மேடையை நகர்த்துகின்றன. உராய்வு இல்லாததால் தேங்கலும் துள்ளலும் இல்லை. சில நூறு ரூபாய் மோட்டாரை வைத்தே ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நகர்த்துகிறார்கள். தான்சானியாவில் உள்ளூரிலேயே அதைச் செய்தார்கள். தான்சானியாவில் முடிந்தது திண்டிவனத்தில் முடியும். ஆனால் அச்செடுத்த துண்டின் கழுத்து எங்கே விரிசல் விடுகிறது, மோட்டார் பல்லில் எவ்வளவு ஆட்டம் என்று பார்த்துச் சரிசெய்ய அங்கும் ஒரு தேர்ந்த கை இருந்தது. வரைபடம் இலவசமாகக் கிடைக்கும், கை கிடைக்காது.

நான் கேட்பது பெரிதல்ல. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இவற்றுக்குப் பொதுவாக ஓர் அறை. சூடு மாறாமல் காக்கும்படி குளிர்சாதனம், அதுவும் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். சீர்செய்த பழைய எச்எம்டி லேத் ஒன்று போதும், புதியது வேண்டாம். அந்தக் காலத்து வார்ப்பிரும்புப் படுக்கை காலம் ஆக ஆக நிலைத்துப்போயிருக்கும். ஒரு மில்லிங் மெஷின், ஸ்லிப் கேஜ் பெட்டி, ஒரு மைக்ரான் டயல் கேஜ், ஒரு லேசர். குன்னம் கல்லில் மூன்று பலகை. அந்த மூன்றையும் டாமின் இலவசமாகவே தரலாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஆண்டுதோறும் ஐடிஐ முடித்த பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பழகுநர்களாக எடுக்கலாம். ஸ்க்ரேப்பிங்கில் பெண்களின் கை ஆண்களின் கையைவிடப் பொறுமையானது என்பது நான் பட்டறையில் கண்டது.

ஒரு டர்னர், ஒரு ஃபிட்டர் என்று இரண்டு நிரந்தரப் பணியிடம். ஒப்பந்தம் வேண்டாம். இந்த வேலையை ஒருவர் நன்றாகக் கற்க ஆண்டுகள் ஆகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வருகிறவர் திருகின் குணத்தைத் தெரிந்துகொள்வதற்குள் போய்விடுவார். கட்டுரையில் அவர்கள் பெயரும் வர வேண்டும். ஆய்வுக்கு ஸ்டேஜ் செய்தவர் இன்னார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். ஆராய்ச்சியெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கட்டும், விழுப்புரத்துக் கல்லூரிக்கு மைக்ரான் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே ஒருவர் கேட்டார். காணையிலிருந்தும் கெடாரிலிருந்தும் பேருந்து ஏறி வரும் பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகம் படிப்பது இந்தக் கல்லூரிகளில்தான். அவர்கள் நான்கு ஆண்டு படித்தும் ஒரு குறுக்கீட்டுப் பட்டையைத் தங்கள் கையால் நகர்த்திப் பார்க்காமல் போனால், சென்னைக்குப் போன பிறகும் அவர்கள் கருவிக்கு வெளியிலேயே நிற்பார்கள். பெரிய ஆய்வகங்களுக்கு ஆள் தேவைப்படும்போது எங்கிருந்து வருவார்கள் என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

ஸ்க்ரேப்பர் பிடித்துப் பழகியவர்கள், கையால் திருகை லேப்பிங் செய்தவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்து, இப்போது சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இருப்பவர்களில் சிலரோடு நான் தொலைபேசியில் பேசுவதுண்டு. கூப்பிட்டால் வந்து கற்றுத்தரத் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் கூடக் கேட்கவில்லை, தங்க இடமும் ஒரு நல்ல மேசையும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது, இரண்டு பேருக்குக் கண் அறுவை முடிந்திருக்கிறது. ஆள் எடுப்பதானால் வரும் கல்வியாண்டிலேயே எடுக்க வேண்டும்.